தொதலுக்குள் ஒரு தங்க லைட்டர்

சனி, ஜூலை 5

இத்தால் சகலருக்கும் அறியத் தருவது: மருதமுனை, கடற்கரை வீதியில் வசிக்கும் றிஸ்வி ஆகிய எனது வலது காற்செருப்பின் அறுந்த வார் இன்று காலை பசை போட்டு ஒட்டப்பட்டது. செருப்பு நலமாக உள்ளது. பார்வையாளர்கள் வர வேண்டாம். வரும் வியாழக்கிழமை இச்செருப்பு விமானத்தில் ஏற இருப்பதால் ஊர் மக்கள் பொறாமைப்படாமல் அமைதி காக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.

கச்சான் காற்று. வாயைத் திறந்தால் மண். உம்மா கூட்டக் கூட்ட காற்று திரும்ப முற்றத்தில் கொட்டுகிறது.

இது ஓ.எல். கணக்குக் கொப்பியின் பின்பக்கம். முன்பக்கத்தில் வராத கணக்குகள். ரிசல்ட் வரும்போது நான் ஊரில் இருக்க மாட்டேன். அல்ஹம்துலில்லாஹ்.

விஷயம் இதுதான். வாப்பா எட்டு வருடமாக ரியாத்தில் டிரைவர். நானும் உம்மாவும் விசிட் விசாவில் அவரிடம் போகிறோம். அங்கிருந்து மூன்று பேருமாகக் காரில் மக்காவுக்கு, உம்றா செய்ய. முதல் பாஸ்போர்ட், முதல் பிளேன். பாஸ்போர்ட் படத்தில் என் இரண்டு காதும் கதவு திறந்த வேன் மாதிரி.

கூடவே ஒரு சாமானும் வருகிறது.

வாப்பாவின் முதலாளி (கை வலிக்கும், இனி மு.) போன மாதம் மகன்மாரோடு அறுகம்பே பார்க்க வந்தார். வாப்பாதான் கூட்டி வந்தார். திரும்பும் வழியில் எங்கள் வீட்டில் பகல் சாப்பாடு. சஹன் என்கிற பெரிய தட்டைச் சுற்றி எல்லாரும் ஒன்றாக இருந்து சாப்பிட்டோம். மு. நல்ல இறைச்சித் துண்டுகளை விரலால் என் பக்கம் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தார். தங்கமான மனிதர். சாப்பிட்டு முடிய முற்றத்து மாமரத்தின் கீழ் சுருட்டு. நம் ஊர்ச் சுருட்டு இல்லை, வெண்டிக்காய்க்கு வேட்டி கட்டின மாதிரி ஒன்று. அதைப் பற்றவைக்க ஒரு லைட்டர். அதுவும் தங்கம். மூடியைத் திறந்தால் 'டிங்'. காதுக்குள் தேன் விட்டது மாதிரிச் சத்தம். நெருப்பு நீலம், பாம்பு போலச் சீறும். அடியில் அரபில் ஒரு பெயர் வெட்டியிருக்கிறது. மௌத்தாகி மண்ணுக்குள் போன தன் வாப்பாவின் பெயர் என்று மு. காட்டினார்.

பக்கத்து வளவு நஸ்மி, என் கூட்டாளி, போனில் அதன் விலையைத் தேடினான். புது ஸ்கூட்டி ஒன்று எடுக்கலாமாம். ஸ்கூட்டியில் சுருட்டுப் பற்றவைக்க ஏலாதே என்றேன்.

மு. ரியாத்தில் இறங்கிய பிறகுதான் பையைத் தடவியிருக்கிறார். லைட்டர் இல்லை. எங்கள் வீட்டில் விட்டுவிட்டார். வீட்டைப் புரட்டித் தேடியும் கிடைக்காத அதை இரண்டு கிழமை கழித்துக் கண்டுபிடித்தது யார்? அடியேன். செற்றியின் குஷனுக்குக் கீழே. இப்பேர்ப்பட்ட கண்ணுக்கு ஊரில் ஒரு துப்பறியும் கந்தோர் திறந்து, முதல் கதிரையில் என்னை இருத்த வேண்டும்.

ஆனால் அதற்குள் அங்கே கதை பரவிவிட்டது. மு. வீட்டில் இன்னொரு டிரைவர் இருக்கிறார். அவர்தான் பற்றவைத்தது. சுருட்டுக்கு நெருப்பு வைக்கிற சாமானை எங்கள் வீட்டார் சுருட்டிவிட்டார்களாம். மு. வாயால் ஒன்றும் சொல்லவில்லை. வாப்பாவிடம் இருந்த வீட்டுச் சாவிக்கொத்தை மட்டும் கேட்டு வாங்கி மற்றவரிடம் கொடுத்துவிட்டார். கிடைத்துவிட்டது என்று வாப்பா சொல்லியும் சாவி திரும்பி வரவில்லை. கையில் வரட்டும், பார்ப்போம் என்றாராம்.

இன்றும் வாப்பா வீடியோவில் கதைத்தார். கதைக்கும்போது கை அடிக்கடி இடுப்புக்குப் போகிறது. சாவிக்கொத்து தொங்கிய இடம்.

கூரியர்காரர்கள் லைட்டர் என்றதும் கும்பிடு போட்டுவிட்டார்கள். ஆகவே நான். ஆகவே வியாழன்.

ஞாயிறு, ஜூலை 6

பாண், பருப்பு. கல்முனைக்கு பஸ்ஸில், உம்மாவும் நானும். டிக்கட் போட்ட ஏஜென்சியில் ஒரு ஹாஜியார் இருக்கிறார், மேசைக் கண்ணாடிக்குக் கீழே மக்கா படம், மேலே பிளேன் பொம்மை. பிளேனின் ஒரு இறக்கை இல்லை. அதைப் பார்த்ததும் உம்மா மெல்ல ஓதத் தொடங்கினார்.

லைட்டரைப் படத்தில் காட்டிக் கேட்டோம். ஹாஜியார் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"இது சீறுற சாதி. காஸோட பிளேன்ல ஏத்தவே மாட்டானுகள். காஸை முழுக்க இறக்கு. இறக்கிப்போட்டு ஒளிக்காம கையில வச்சுக்க. அவன் கேக்க முந்தி நீயே காட்டு. பொறகு அங்க இரிக்கிற பெரியவன் செல்றதுதான் தீர்ப்பு."

அவர் ஏலாது என்றால் என்று உம்மா கேட்டார். ஹாஜியார் மேசைக்குக் கீழே இருந்த குப்பைக் கூடையைக் காலால் தட்டிக் காட்டினார்.

திரும்பி வந்து பஸ்ஸால் இறங்கும்போது உம்மா சொன்னார், "அந்தக் கூடைக்குள்ள போறது லைட்டர் இல்ல மகன், உண்ட வாப்பாட பேர்."

பின்னேரம் பொதுமக்கள் கருத்துக் கேட்டேன்.

சாச்சி (உம்மாவின் தங்கச்சி): சொக்ஸுக்குள் வை.
மீன்காரக் காக்கா: பாரை மீனின் வயிற்றுக்குள். பெரிய பாரை என்றால் உம்மாவையும் வைக்கலாம்.
நஸ்மி: விழுங்கு. ரியாத்தில் திரும்ப வரும்.
நான்: யோசிக்கிறேன். மூளை ஓடும் சத்தத்தில் கோழிகள் கூடு அடைந்துவிட்டன.

திங்கள், ஜூலை 7

காற்று குறைவு. வெயில் கூட. காஸ் இறக்கும் வைபவம் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் இனிதே நடந்தது.

பிரதம அதிதி: நஸ்மி. பார்வையாளர்: தெருவில் உள்ள சின்னப் பொடியன்மார் அவ்வளவு பேரும். ஆயுதம்: மணிக்கூடு திருத்தும் குட்டித் திருப்புளி. லைட்டரின் அடியில் ஒரு துளை இருக்கிறது, அதை அமத்தினால் காஸ் வெளியே வரும். எல்லாரையும் பத்தடி தள்ளி நிற்க வைத்தேன். யாரும் மூச்சு விடக் கூடாது என்று சட்டம். முதுகைக் காட்டி நின்று அமத்தினேன். 'ஸ்ஸ்ஸ்ஸ்' என்று போனது பாருங்கள், ஒரு சின்னப் பொடியன் அழுதுவிட்டான்.

பிறகு மூடி. டிங். சொடுக்கு. நெருப்பு இல்லை. இன்னொரு சொடுக்கு. இல்லை. கைதட்டல். விஞ்ஞானத்துக்கு எனக்கு ஏ வராவிட்டால் பிழை பேப்பர் திருத்தியவரில்தான்.

உம்மா கீழிருந்து முழுக்கப் போயிற்றா என்று கேட்டார். நம்பிக்கை வைக்கவும், இது றிஸ்வி கம்பனி என்றேன். விளக்குமாறு பறந்து வந்தது.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு வாப்பாவின் வொய்ஸ். "மகன், நீதான்டா என்ட மானத்தக் கொண்டு வாறாய்." அதற்குமேல் ஒன்றும் இல்லை, மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும். திரும்பத் திரும்பக் கேட்டேன். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

நகம் வெட்ட வேண்டும். பெட்டிக்குப் பூட்டு வாங்க வேண்டும்.

செவ்வாய், ஜூலை 8

இன்று 'பயணம் சொல்லல்'.

உம்றாவுக்குப் போகிறவர்கள் அதற்கு முந்தி வீடு வீடாகப் போய், ஏதும் குற்றம் குறை செய்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்க வேண்டும். அடுத்தவர் மனதில் முள்ளை விட்டுவிட்டு அல்லாஹ்விடம் போகக் கூடாதாம். மற்றவர்களுக்கு இது மரியாதை. போகிற வீட்டில் தேத்தண்ணியும் பிஸ்கட்டும். எனக்கு இது கோர்ட்டு. உம்மா முன்னால் சட்டத்தரணி மாதிரி, நான் பின்னால் சந்தேக நபர்.

மர்யம் மாமி வீடு. அடைகாத்த அவருடைய கோழியின் முட்டைகளை எடுத்துவிட்டுப் பிங்பொங் பந்துகள் வைத்தது நான். மாமி சிரித்துக்கொண்டே பொறுத்துவிட்டார். கோழி பொறுக்கவில்லை. கேட் வரை துரத்திக் கொத்தியது.

டியூஷன் சேர். அவருடைய வெள்ளைப் பலகையில் அழியாத மார்க்கரை வைத்த வழக்கு. அவர் என் தலையில் கையை வைத்து, "நீ போறதே எங்களுக்குப் பெரிய நிம்மதி, ஆறுதலா வா" என்றார். பலகையில் இன்னும் 'சமன்பாடு' என்று தெரிகிறது.

ஓட்டோவில் பாண் விற்கும் நானா. பாட்டுப் போட்டுக்கொண்டு காலையில் வருவாரே, அந்தப் பாட்டைப் போனில் பிடித்து, ஒரு நாள் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு மொட்டை மாடியில் பெரிய ஸ்பீக்கரில் போட்டேன். தெருப் பெண்கள் எல்லாரும் முக்காட்டை இழுத்துக்கொண்டு காசோடு வெளியே வந்து நின்றார்கள். ஓட்டோ இல்லை. என் வாழ்வின் சிறந்த வேலை அது. இன்று அவரிடம் கேட்டேன். பாண் துணியை உதறி மடித்துக்கொண்டே சொன்னார்.

"பொறுத்தாச்சி. ஆனா அண்டைக்கு நான் வரக்குள்ள ஒருத்தரும் வெளிய வரல்ல தம்பி. பொய்ப் பாட்டு எண்டு நினைச்சிட்டாங்க. பாண் அவ்வளவும் மிச்சம்."

அது எனக்குத் தெரியாது. சிரிப்பின் மறுபக்கத்தை யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. மீன் வைத்த ஒரு மாலு பாண் வாங்கிச் சாப்பிட்டேன்.

பொறுத்த வீடெல்லாம் ரியாத்தில் இருக்கும் மகனுக்கு, மருமகனுக்கு என்று பார்சலும் தந்துவிட்டன. இதுவரை: மாசிச் சம்பல் போத்தல், கருவாடு (உம்மா மறுத்துவிட்டார், வாசம் விசாவைக் கேட்கும்), நம்ம ஊர் நெசவுச் சாறன் ஒரு கட்டு, கசாயப் பக்கற்று, ஒரு குழந்தைச் சப்பாத்து (ஒற்றை!). சாச்சி தந்தது தொதல் இனிப்பு, ஒரு டின் நிறைய. கறுப்பு. கனம். கத்தியை விட்டால் கத்தியை மறந்துவிட வேண்டியதுதான்.

தொதலைப் பார்த்தேன். தொதலும் என்னைப் பார்த்தது.

புதன், ஜூலை 9

ஆப்பரேஷன் தொதல். மூளை: நான். கை: நான். பயம்: உம்மா.

உம்மாவுக்குக் கூடை நினைவு போகவில்லை. தங்கச் சாமானைக் கையில் காட்டினால் பறித்துவிடுவார்கள் என்கிறார். ஆகவே தொதலுக்குள். யார் தொதலுக்குள் லைட்டர் தேடுவான்?

"ஹாஜியார் ஒளிக்க வாணாம் எண்டாரே."

"அவர் தொதலப் பத்தி ஒண்டும் செல்லல்லயே உம்மா."

கரண்டியை அடுப்பில் சூடாக்கித் தொதலில் ஒரு குழி. லைட்டரைப் பொலித்தீன் சொப்பின் பேக்கில் சுற்றி உள்ளே இறக்கினேன். வெட்டியெடுத்த துண்டை உருக்கி மேலே ஊற்றி, அடையாளத்துக்கு ஒரு கஜு. வெளியே பார்த்தால் ஒரு குற்றமும் இல்லாத தொதல். சாச்சி பார்த்துவிட்டு நான் எஞ்சினியராக வருவேன் என்றார். மிச்சத் தொதல் சாட்சி இல்லாமல் என் வயிற்றுக்குள் அழிக்கப்பட்டது.

அஸர் தொழுகைக்குப் பிறகு வேன். தெரு முழுக்க ஆட்கள். பள்ளிவாசல் மோதினார் துஆ ஓதினார். நஸ்மி எல்லாரும் பார்க்க என்னைக் கட்டிப்பிடித்தான், காதுக்குள் மட்டும், "நீ விழுங்கியிருக்கலாம்டா" என்றான். கண் கலங்கியிருந்தான், லூசன். எனக்கும் கண்ணுக்குள் ஏதோ. கச்சான் மண்.

வேனில் எழுதுகிறேன், எழுத்து ஆடுகிறது. அம்பாறை தாண்டிவிட்டது. உம்மா தொதல் டின்னை மடியில் வைத்திருக்கிறார், பிள்ளைத்தாய்ச்சி மாதிரி.

வியாழன், ஜூலை 10

பிளேனுக்குள்! யன்னல் சீட்! இருக்கிறேன்! எழுதுகிறேன்!

ஒழுங்காக எழுத வேண்டும். முதலில் கட்டுநாயக்கா எயார்போர்ட்.

வாசலிலேயே பெட்டிகள் எல்லாவற்றையும் ஒரு மிஷினுக்குள் அனுப்புகிறார்கள். தொதல் டின்னும் போனது. பெல்ட் நின்றது. கொஞ்சம் பின்னால் போனது. திரும்ப முன்னால். திரும்ப நின்றது. திரையைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் எழும்பி நின்றுவிட்டார். நான் நின்ற இடத்திலிருந்து திரை தெரிந்தது. கறுப்பாக ஒரு கட்டி. கட்டிக்குள் சதுரமாக ஒரு உலோகச் சாமான். மேலே ஒரு புள்ளி, கஜு.

என் வாழ்க்கையில் இதைவிட மோசமான படம் பார்த்ததில்லை. எங்களைப் போல முஸ்லிம் ஆட்கள், எங்கள் ஊர்ப் பக்க அடையாள அட்டை, கையில் குண்டு மாதிரி ஒரு கட்டி. உம்மாவின் முகம் வெளுத்ததற்கு விளக்கம் எழுத வேண்டியதில்லை.

டின்னைத் தொட வேண்டாம் என்றார்கள். பின்னால் வரிசையில் நின்றவர்களை ஒதுக்கினார்கள். ஒரு பெரிய ஆபீசர் வந்தார், நரைத்த மீசை, தோளில் பட்டி. தமிழ் கதைத்தார். இது என்ன என்று கேட்டார்.

நாங்கள் நடந்ததைத் தெளிவாக விளக்கினோம். சரியாக அந்த நேரம் பார்த்து என் செருப்பு வார் கழன்றுவிட்டதால் நான் குனிந்து கவனிக்க வேண்டியதாயிற்று. உம்மா சொன்னார்:

"சேர், பொய் செல்ல மாட்டன். இது தொதல். உள்ளுக்க லைட்டர் இரிக்கி. எங்கட சாமான் இல்ல, அடுத்தவர்ட அமானிதம். என்ட மாப்பிள்ளைட முதலாளிக்குக் கொண்டு போறம். பறிச்சிருவீங்க எண்டு பயந்து ஒளிச்ச. எங்கட பிழைதான்."

ஒரு சொல்லையும் விழுங்கவில்லை. ஆபீசர் டின்னைத் திறக்கச் சொன்னார். கையுறை போட்ட ஒருவர் கரண்டியால் தோண்டினார். கரண்டி வளைந்தது. இன்னொரு கரண்டி. சொப்பின் பேக் எப்போதோ கிழிந்திருந்தது. லைட்டர் தலையில் இருந்து கால் வரை தொதல் பூசிக்கொண்டு, புதுப் பெண் மாதிரி மினுங்கிக்கொண்டு வெளியே வந்தது.

ஆபீசர் மூடியை இழுத்தார். டிங் இல்லை. 'சப்'. சொடுக்கினார். ஒன்றும் இல்லை. திரும்ப. இல்லை. மூக்கில் வைத்துப் பார்த்தார்.

"காஸ் இல்ல. தொதல்தான் இருக்கு."

முதலில் திரைக்குப் பின்னால் நின்ற பெண் சிரித்தார். பிறகு எல்லாரும். உம்மா சிரிக்கவில்லை, அழுதார். அதைத் துடைக்கத் தொதல் கையைத் தூக்கி, பிறகு முழங்கையால் துடைத்தார். ஆபீசர் குரலை இறக்கி, "ஒளிச்சதாலதான் அம்மா இவ்வளவும். கையில காட்டியிருந்தா ஒரு நிமிஷம்" என்றார். இனிப் பெட்டியில் போடாமல் கையில் வைத்துக்கொள்ளவும், உள்ளே இருப்பவர்களிடம் கேட்க முந்திக் காட்டவும் சொன்னார். ஹாஜியார் சொன்ன அதே வசனம். உம்மா தொதல் எடுத்துக்கொள்ளச் சொல்லி டின்னை நீட்டினார். டியூட்டியில் சாப்பிடக் கூடாது என்றார்கள். கையுறை போட்டவர் மட்டும் கையுறையைக் கழற்றிவிட்டு ஒரு துண்டு எடுத்தார்.

அதற்குப் பிறகு உம்மா எல்லாருக்கும் காட்டினார். பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தியவருக்கு. அடுத்த மிஷின்காரருக்கு, அவர் மட்டும் உண்மையாகவே வாங்கிச் சொடுக்கிப் பார்த்தார். வாசலில் டிக்கட் கிழித்த பெண்ணுக்கு. பிளேன் வாசலில் கும்பிட்டு வரவேற்றவருக்கு. பக்கத்து சீட்டில் இருந்த குருநாகல் அங்கிளுக்கு, அவர் ஒன்றும் கேட்கவே இல்லை. "கேக்க முந்திக் காட்டணும்" என்கிறார்.

பிளேன் ஓடத் தொடங்கியது. அரசாங்க சிடிபி பஸ் மாதிரி ஆட்டம். பிறகு ஆட்டம் நின்றது. நிலத்தை விட்டுவிட்டது! வயிறு கட்டுநாயக்காவில், நான் மேலே. தென்னை மரங்கள் கீரைக்கட்டு மாதிரி. கடல் அசையவே இல்லை, யாரோ இஸ்திரி போட்டு விரித்த சாறன். உம்மா கண்ணை மூடி ஓதுகிறார். பொத்திய கைக்குள் லைட்டர்.

சாப்பாடு வந்தது. சின்னச் சின்னப் பெட்டிகள், விளையாட்டுச் சாமான் மாதிரி. முள்ளுக்கரண்டி இரும்பு. அதைச் சுருட்டலாமா என்று பார்த்தேன். உம்றா நினைவு வந்தது. வைத்துவிட்டேன்.

மொத்தத்தில் திட்டம் வெற்றி. றிஸ்வி கம்பனி காஸை இறக்கியிராவிட்டால் இன்று அந்தச் சொடுக்கில் என்ன நடந்திருக்கும்? யோசித்துப் பார்க்க வேண்டியவர்கள் யோசித்துப் பார்க்கட்டும்.

வெள்ளி, ஜூலை 11. ரியாத்.

சூடு. வெளியே நின்றால் அடுப்படிக் கதவு திறந்த மாதிரி. வாப்பா நேற்று எயார்போர்ட்டில் என்னைக் கட்டிப்பிடித்தார், என் தோள் அவருடைய தோளுக்கு மேலே வந்துவிட்டது. அவர் அதைக் கையால் அளந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். போன மாதம் முதலாளியோடு வந்தவருக்கு இப்படி அளந்து பார்க்க நேரம் இருக்கவில்லை.

காலை முழுக்க லைட்டர் குளிப்பாட்டல். வாப்பாவின் அறையில், மூன்று பேரும் நிலத்தில் இருந்து. சுடுதண்ணியில் நனைத்த துணி, பழைய டூத் பிரஷ், ஊசி, உம்மாவின் பொறுமை. மூடி 'சப்' என்றது. பிறகு 'டப்'. பிறகு 'டிக்'. ஜும்ஆத் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று வாப்பா எழும்பியபோது 'டிங்'. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். வாப்பா மூடியைத் திரும்பத் திறக்கவில்லை, போய்விடுமோ என்று பயம்.

தொழுதுவிட்டு மு. வீட்டுக்கு. நீளமான வரவேற்பு அறை, சுற்றிவரத் திண்டு, கஹ்வாக் கோப்பி, பேரீச்சம்பழம். மற்ற டிரைவர் ஒரு மூலையில், இடுப்பில் சாவிக்கொத்து. வாப்பா இரண்டு கையாலும் லைட்டரைக் கொடுத்தார்.

மு. முதலில் அடியில் இருந்த பெயரைப் பெருவிரலால் தடவினார். பிறகு மூடி. டிங். பிறகு மூக்கில் வைத்தார். ஏதோ இனிப்பு மணக்கிறது என்றார். வாப்பா அரபில் முழுக் கதையும் சொன்னார், தொதல் என்ற இடத்தில் அரபு முடிந்து 'தொதல்' என்றே சொன்னார். மு. திண்டில் சாய்ந்து சாய்ந்து சிரித்தார். அவருடைய மகன் காஸ் டப்பா கொண்டுவந்து நிரப்பினான். ஒரு சொடுக்கு, இல்லை. இரண்டாவது, இல்லை. வாப்பா மூச்சு விடுவதை நிறுத்திவிட்டார். மூன்றாவதில் நீலச் சுவாலை, சீறிக்கொண்டு.

மு. கையை நீட்டினார். மற்ற டிரைவர் சாவிக்கொத்தைக் கழற்றிக் கொடுத்தார். மு. அதை வாப்பாவின் மடியில் வைத்தார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். பயணத்துக்கு முந்தியே காஸை இறக்கிய புத்தியையும், தங்கத்தைக் கண்டெடுத்தும் ஒளிக்காமல் உம்மாவிடம் கொடுத்த நேர்மையையும் பாராட்டி, 'அமீன்' என்று என்னைக் கூப்பிட்டார். நம்பிக்கையானவன். தோளில் தட்டி, தன்னுடைய வெள்ளிப் பேனையை என் பொக்கற்றில் குத்திவிட்டார். இந்தப் பக்கம் அந்தப் பேனையால் எழுதுவது. எழுத்து எவ்வளவு வழுக்கிக்கொண்டு போகிறது பாருங்கள்.

வாப்பா இரவுச் சாப்பாட்டுக்கு முந்தி ஊரில் உள்ள எல்லாருக்கும் வொய்ஸ் அனுப்பி முடித்துவிட்டார். "என்ட மகனுக்கு முதலாளி வச்ச பேர் தெரியுமா?" பேரீச்சம்பழம் நல்ல பழம். ஆனால் எனக்குப் பசிக்கவில்லை.

சனி, ஜூலை 12. மீக்காத்.

விடியத் தொடங்கியதும் காரில் வெளிக்கிட்டோம். ரோட்டு நேரே, மண் நேரே, வானம் நேரே. ஒட்டகம் பார்த்தேன்! உண்மையான ஒட்டகம், யாரும் காசு வாங்கவில்லை. மீக்காத்தில் நிறுத்தியிருக்கிறோம். இங்கேதான் குளித்து, இஹ்ராம் என்கிற வெள்ளைத் துணி உடுத்தி, உம்றாவுக்கென்று மனதில் நிய்யத் வைக்க வேண்டும். இனி மக்காதான்.

உடுத்த முந்தி வாப்பா உம்மாவிடம் போய், இத்தனை வருடம் தனியே விட்டதற்குப் பொறுத்துக்கொள்ளச் சொன்னார். உம்மா அவரைப் பார்க்காமல் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, பொறுத்தாச்சு, கெதியாக் குளிங்க என்றுவிட்டுப் பெண்கள் பக்கம் போனார். நான் சிரித்தேன். வாப்பா என்னிடம் திரும்பினார்.

"எட்டு வருஷம் உன்னோட இரிக்கல்ல. நீ வளந்ததக் காணல்ல. என்னப் பொறுத்துக்க மகன்."

என்னிடம்! வாப்பா! இடுப்பில் சாவிக்கொத்தோடு!

ஆகவே இத்தால் அறியத் தருவது: இக்கொப்பியில் சில பிழைகள் புகுந்துவிட்டன. வாப்பாவுக்கு வாயால் சொல்லிவிட்டேன். இப்போது இங்கே.

காஸ் திங்கட்கிழமை இறக்கப்படவில்லை. இறக்க அதற்குள் ஒன்றும் இருக்கவில்லை. அந்த 'ஸ்ஸ்ஸ்ஸ்' என் வாயால் போட்டது, அதற்குத்தான் முதுகைக் காட்டி நின்றேன். காஸ் முழுக்கவும் வீட்டார் தேடிய அந்த இரண்டு கிழமையில் கடற்கரையில், தோணிகளுக்குப் பின்னால், பொடியன்மாருக்குச் சொடுக்கிச் சொடுக்கிக் காட்டியே தீர்ந்துவிட்டது. எயார்போர்ட்டில் செருப்பு வார் கழலவில்லை. ஒட்டிய பசை நல்ல பசை. நான் டிராலிக்குப் பின்னால் குந்திவிட்டேன். 'விளக்கினோம்' என்று இருக்கும் இடத்தில் 'உம்மா விளக்கினார்' என்று வாசிக்கவும்.

குஷன்.

குஷனுக்குக் கீழே ஒன்றும் இருக்கவில்லை. மு. மாமரத்தடியில் போன் கதைத்துக்கொண்டு லைட்டரைக் கதிரைக் கையில் வைத்தார். நான் எடுத்தேன். அவர் பையைத் தடவித் தடவித் தேடுவார், நான் வட்டிலப்பத் தட்டை மூடிக் கொண்டுவந்து திறந்தால் நடுவில் லைட்டர், எல்லாரும் சிரிப்பார்கள் என்பது திட்டம். குசினிக்குப் போய்த் தட்டோடு திரும்ப, முற்றத்தில் ஆள் இல்லை. பிளேனுக்கு நேரமாகிவிட்டது என்று அவசரமாக வேனில் ஏறிவிட்டார்கள். வட்டிலப்பம் கூடச் சாப்பிடவில்லை. அன்றே சொல்லியிருக்கலாம். நாளைக்கு என்று நினைத்தேன். நாளைக்கு நஸ்மியிடம் ஒரு தரம் டிங் காட்டலாம் என்று நினைத்தேன். சாவி கைமாறிய செய்தி வந்த பிறகுதான் 'கண்டெடுத்தேன்'. அதுவரை என் கிரிக்கெட் கையுறைக்குள்.

ஊர் முழுக்கப் பொறுக்கச் சொல்லிக் கேட்டேன். கோழியிடம் கூட. இதற்கு மட்டும் கேட்கவில்லை.

வாப்பா ஏசுவார் என்று பார்த்தேன். ஏசவில்லை. கார்க் கதவைச் சாத்தினார். பிறகு இடுப்பில் இருந்து சாவிக்கொத்தைக் கழற்றி, காரின் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்தார். போனில் மு.வின் நம்பரை எடுத்தார்.

"நான் செல்ல மாட்டன். நீயே செல்லு."

எனக்கு அரபு தெரியாதே என்றேன். குர்ஆன் ஓதுகிறாய்தானே, அதில் பொறுக்கச் சொல்லும் சொல் எத்தனை இடத்தில் வருகிறது, ஒன்றை எடுத்துச் சொல்லு, மிச்சத்தை நான் பெயர்த்துச் சொல்கிறேன் என்றார். உதட்டோரம் ஏதோ துடித்தது. கோபமா சிரிப்பா, தெரியவில்லை. எட்டு வருடம் பழகாத முகம்.

போனை ஸ்பீக்கரில் போட்டு இந்தக் கொப்பிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். மணி போகிறது. மனதுக்குள் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கிறேன். வெள்ளிப் பேனை வேர்வையில் வழுக்குகிறது. இதையும் திருப்பிக் கொடுக்க வேண்டி வரும்.

எடுத்துவிட்டார். ஸலாம் சொல்கிறார். பின்னால், டிங்.